விரல் விட்டு எண்ணியவர்கள்

தொழுகையின் இருப்பில் பெருமானார் (ஸல்) அவர்கள் தம் வலக்கை விரல்களை எவ்வாறு மடக்கி வைத்திருந்தார்கள் என்பதைக் கூறும் செய்தி ஒன்று, இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக முஸ்லிம் ஷரீஃபில் இடம்பெற்றுள்ளது. அதில் 'ஐம்பத்து மூன்று' என்று ஓர் எண் வருகிறது. இளமையில் மதரஸாவில் இதனைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விரலை வைத்துக்கொள்ளும் முறைக்கும் ஐம்பத்து மூன்றுக்கும் என்ன உறவு? கேட்கவும் அச்சம். பல்லாண்டு கழித்தே விளக்கம் கிட்டியது. அந்நாளைய அரபு மக்கள் எண்களை விரல்களால் காட்டினர். சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றையும் மடக்கினால் மூன்று. கட்டை விரலை வளைத்துச் சுட்டு விரலின் அடியில் பொருத்தினால் ஐம்பது. இரண்டும் சேர்ந்தால் ஐம்பத்து மூன்று. கேட்ட மாத்திரத்திலேயே விரல்களின் தோற்றம் கண்முன் நிற்கும் அளவுக்கு அவர்களுக்கு அது பழகிய மொழி.

வயது முதிர்ந்த காலத்தில் கணிப்பொறியையும் கைபேசியையும் கற்றுக்கொள்ள நாணுகின்ற நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றி எழுதப் புகுந்தவன், இந்த ஐம்பத்து மூன்றிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. இந்த நாணம் நம் காலத்தில் பிறந்ததன்று. கணக்கிடும் கருவி மாறிய ஒவ்வொரு காலத்திலும், பழைய கருவியில் கைதேர்ந்திருந்தவர்கள் தயங்கி நின்றிருக்கிறார்கள். அவர்களுள் அறிவிலிகள் குறைவு. தம் தொழிலில் தலைசிறந்தவர்களே மிகுதி.

அப்பாசியர் ஆட்சியில் பக்தாத் நகரத்து அரசு அலுவலகங்களை நினைத்துப் பாருங்கள். நிலவரி, படைவீரர் ஊதியம், சுங்கம், தானியக் கிடங்கு என எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்தவர்கள் காத்திபுகள் எனப்படும் எழுத்தர்கள். அவர்கள் கணக்கை மனத்தால் போட்டார்கள். இடையில் வரும் தொகையை மறந்துவிடாதிருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். வலக்கையில் ஒன்றும் பத்தும், இடக்கையில் நூறும் ஆயிரமும். இரு கைகளில் 9,999 வரை நிறுத்திவிடலாம். எழுதுகோல் வேண்டாம், காகிதம் வேண்டாம். அதிகாரி வாய்மொழியாகக் கூறிக்கொண்டு போக, எழுத்தரின் விரல்கள் மடங்கியும் நிமிர்ந்தும் விடையைப் பிடித்துவிடும். இக்கலையைப் பெறப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. பெற்றவருக்கு அதுவே சோறு, அதுவே மதிப்பு.

இவர்கள் நடுவேதான் புதிய முறை ஒன்று வந்து சேர்ந்தது. ஒன்பது குறிகளும் ஒரு சுழியும் கொண்டு எத்துணைப் பெரிய எண்ணையும் எழுதிவிடலாம் என்ற இந்தியக் கணக்கு முறையை விளக்கி, பேரறிஞர் அல்குவாரிஸ்மி ஏறத்தாழ கி.பி. 825இல் ஒரு நூல் யாத்தார். அதன் அரபு மூலம் இன்று நமக்குக் கிட்டவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் லத்தீன் வடிவங்களே எஞ்சியுள்ளன. அந்த லத்தீனில் அவருடைய பெயர் திரிந்து வழங்கியதிலிருந்து பிறந்த சொல்தான், கணிப்பொறி வல்லுநர்கள் இன்று மூச்சுக்கு மூச்சு உச்சரிக்கும் 'அல்காரிதம்'. பக்தாதிலேயே எழுதப்பட்ட நூல். கற்றறிந்தோர் போற்றிய நூல். ஆயினும் நூறாண்டு கழிந்த பின்னரும் அரசு அலுவலகத்து எழுத்தர்கள் விரலை விடவில்லை.

ஏன்? இதற்கு விடை கூறும் ஓர் அரிய நூல் உள்ளது. ஹிஜ்ரி 341ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 952-53இல், டமாஸ்கஸ் நகரில் அபுல் ஹசன் அல்உக்லீதிஸி என்பவர் இந்தியக் கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உக்லீதிஸ் என்பது யூக்ளிடின் அரபுப் பெயர். யூக்ளிடின் நூலைப் படியெடுத்து விற்றுப் பிழைத்தவராதலின் இவருக்கு இப்பெயர் வந்திருக்கலாம் என்பர். பெரிய பதவியில் இருந்தவரல்லர். ஆனால் தெருவையும் சந்தையையும் கண்ணால் கண்டு எழுதியவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிகிறது. அந்நாளில் இந்தியக் கணக்கைப் புழுதிப் பலகையில் போட்டார்கள். பலகையின் மீது மெல்லிய மணலைப் பரப்பி, அதில் இலக்கங்களை வரைந்து, கணக்கு நகர நகர முந்திய இலக்கங்களை விரலால் அழித்து வேறு இலக்கம் இடுவார்கள். தெருவோரத்தில் அமர்ந்து சோதிடம் சொல்லிக் காசு வாங்குவோரும் அதே பலகையைத்தான் வைத்திருந்தனர். எனவே மதிப்புடைய மனிதர் அதனைக் கையில் ஏந்தவே கூசினார். தம்மைச் சோதிடக்காரன் என்று யாரேனும் நினைத்துவிடக்கூடாதே என்ற கவலை!

கணக்கு கடினம் என்பதால் அன்று, அதைக் கையில் வைத்திருப்பதைப் பிறர் பார்த்துவிடுவார்களே என்பதால் தயங்கினார்கள் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்தபோது என் உள்ளத்தில் எழுந்த உணர்ச்சியைப் பின்னர்க் கூறுவேன்.

அல்உக்லீதிஸி குறை கூறுவதோடு நிற்கவில்லை. புழுதிப் பலகையில் செய்வதனைத்தையும் மையும் காகிதமும் கொண்டு செய்யும் வழிகளைத் தம் நூலில் வகுத்துக் காட்டினார். மையும் காகிதமும் எழுத்தர்களுக்கு உரிய கருவிகள். அவற்றை ஏந்துவதில் இழிவில்லை. மற்றொரு நன்மையும் அதில் இருந்தது. பலகையில் இலக்கம் அழிந்துவிடுவதால் பிழை நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேட முடியாது. காகிதத்திலோ ஒவ்வொரு படியும் கண்ணெதிரே நிற்கும். பத்தின் கீழ்வாய்ப் பின்னங்களை, அதாவது இன்று நாம் தசமப் புள்ளி வைத்து எழுதும் பின்னங்களை, முதன்முதலாக இந்நூலில்தான் காண்கிறோம் என்பது கணித வரலாற்றார் கருத்து. இந்நூலின் ஒரே படி, கி.பி. 1157இல் எழுதப்பட்டது, இஸ்தான்புல் நகரில் கிடைத்தது.

அடுத்து வருபவர் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி (940 - 998). குராசானில் பிறந்து 959இல் பக்தாத் வந்தவர். வானியலிலும் முக்கோணக் கணிதத்திலும் அவருடைய காலத்தில் அவரை விஞ்சியவர் அரியர். இந்திய எண்முறை அவருக்கு நன்கு தெரியும். அத்தகையவர், 961க்கும் 976க்கும் இடையில் எழுத்தர்களுக்கும் அரசு அலுவலர்களுக்கும் வேண்டிய கணக்குகளைத் திரட்டி ஒரு பெருநூல் எழுதினார். அந்நூலில் இந்திய இலக்கங்களே இல்லை. எண்கள் யாவும் சொற்களால் எழுதப்பட்டுள்ளன. முறைகள் யாவும் மனக்கணக்கும் விரல்கணக்கும்! தமக்குத் தெரிந்த புதுமையை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்து, படிப்பவன் எந்த இடத்தில் நிற்கிறானோ அந்த இடத்திற்கு இறங்கிச் சென்றிருக்கிறார். ஆனால் வெறுங்கையோடு செல்லவில்லை. சிறிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்தால் வரும் எச்சத்தைக் 'கடன்' என்று பெயரிட்டு, அதைக் கணக்கில் கையாளும் வழியை அதே நூலில் காட்டுகிறார். மூன்றிலிருந்து ஐந்தைக் கழித்தால் இரண்டு கடன். வரவும் செலவும் எழுதிப் பழகிய எழுத்தனுக்கு இது புதுமையாகவே தோன்றியிராது. பழைய வாயில் வழியாகப் புதிய சரக்கை உள்ளே கொண்டு சென்றுவிட்டார் பெரியார்.

அல்உக்லீதிஸியையும் அபுல் வஃபாவையும் நம் கணித மேதைகளாகப் புகழும் நூல்கள் பல உள்ளன. அவர்களை நல்லாசிரியர்களாகப் புகழ்ந்த நூலை நான் கண்டதில்லை. அது குறைதான்.

கடல் கடந்தால் அங்கும் இதே கதை. பீசா நகரத்து லியனார்தோ, தந்தையார் அலுவல் பார்த்த வட ஆப்பிரிக்கத் துறைமுகமான பிஜாயாவில், இன்றைய அல்ஜீரிய நாட்டில், சிறுவனாக இருந்தபோது இந்த இலக்கங்களைக் கற்றார். 1202இல் அவற்றைப் பற்றி நூல் எழுதினார். ஆனால் 1299இல் பிளாரன்ஸ் நகரத்து நாணய மாற்று வணிகர் சங்கம், உறுப்பினர்கள் கணக்கேடுகளில் இப்புதிய இலக்கங்களை எழுதக்கூடாது என்று விதித்தது. சுழியத்தை ஆறாகவோ ஒன்பதாகவோ திருத்தி ஏமாற்றிவிடலாம் என்ற அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அந்த அச்சத்தைப் பழைமை என்று எள்ளி நகையாட வேண்டா. இன்றும் காசோலையில் தொகையை இலக்கத்தால் எழுதிய பின், எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா?

ஜெர்மனியில் பதினாறாம் நூற்றாண்டு வரை பலர் கோடுகள் வரைந்த பலகையில் காசுகளை நகர்த்திக் கணக்கிட்டனர். ஆடம் ரீஸ் (1492 - 1559) என்னும் கணக்காசிரியர் 1522இல் எர்ஃபர்ட் நகரில் வெளியிட்ட நூல், நூறு பதிப்புகளுக்கு மேல் கண்டது. லத்தீனில் எழுதாமல் மக்கள் பேசிய ஜெர்மன் மொழியில் எழுதினார் என்பது ஒன்று. முதலில் கோடும் காசும் கொண்டு கணக்கைச் சொல்லிக்கொடுத்து, அதன் பிறகே பேனாவும் இலக்கமும் கொண்டு அதே கணக்கைச் செய்து காட்டினார் என்பது மற்றொன்று. கோட்டில் தொடங்கியவர்களே கணக்கில் விரைவும் தேர்ச்சியும் பெறுகின்றனர் என்று தம் அனுபவத்தை அவர் எழுதியிருக்கிறார். கணக்கு சரி என்பதற்கு, 'ஆடம் ரீஸின்படி' என்று ஜெர்மானியர் இன்றும் சொல்வது வழக்கு.

இங்கிலாந்து வேறு வழியில் சென்றது. அந்நாட்டுக் கருவூலத்தில், வாங்கிய பணத்துக்குச் சான்றாக மரக்குச்சியில் வெட்டுக்குறி இட்டு, குச்சியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைக் கொடுத்தவரிடம் அளிக்கும் வழக்கம் நூற்றாண்டுகளாக இருந்தது. அதனை ஒழிக்கப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சட்டம் செய்தார்கள். ஆனால் பதவியிலிருந்த பழைய அதிகாரிகள் நீங்கும் வரை சட்டம் காத்திருந்தது. 1826இல்தான் குச்சிக்கணக்கு முடிவுற்றது. 1834 அக்டோபரில் அந்தக் குச்சிகளை நாடாளுமன்றக் கட்டடத்து அடுப்புகளில் இட்டு எரித்தபோது தீ பரவி, நாடாளுமன்றமே வெந்து சாம்பலாயிற்று.

பழைய கைகளுக்குப் புதியதைக் கற்பிப்பது ஒரு வழி. அவர்கள் போகும் வரை காத்திருப்பது மற்றொரு வழி. இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் நாட்டில் இவ்விரு வழிகளையும் நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. வாப்பா நாகூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. அதுவரை ரூபாய்க்குப் பதினாறு அணா. நம் தமிழ்க் கணக்கில் பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்று பெயர். எட்டில் ஒன்று அரைக்கால். எனவே ஓரணா என்பது ரூபாயில் வீசம், இரண்டணா அரைக்கால், நாலணா கால். வாய்ப்பாட்டில் பயின்ற பின்னமும் கையில் புழங்கிய நாணயமும் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. வாப்பாவைப் போன்றவர்கள் வாயை அசைக்காமலே விலை சொல்வார்கள். ஓர் இரவில் ரூபாய்க்கு நூறு காசு என்றாயிற்று. ஓரணாவுக்கு ஆறேகால் நயா பைசா வரவேண்டும். கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஓரணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது என்று மாற்று அட்டவணை அச்சிட்டுக் கொடுத்தார்கள். வாப்பா அதைக் கல்லாப்பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டி வைத்தார்கள். மூடியைத் திறக்கும்போது அவர்கள் மட்டுமே பார்க்கலாம். வாடிக்கையாளர் கண்ணில் படாது. முப்பது ஆண்டு கணக்கெழுதிய மனிதர் ஒளித்து வைத்துப் படித்தார்கள்! பழைய நாணயமும் சில காலம் உடன் செலாவணியில் இருந்ததனால், மெல்ல மெல்ல மூடியைத் திறக்காமலே சொல்லப் பழகிவிட்டார்கள். 1964இல் 'நயா' என்ற அடைமொழி நீங்கியபோது அந்த அட்டவணையில் கறையான் ஏறியிருந்தது.

கணிப்பொறியின் வருகை இத்துணை அமைதியாக நிகழவில்லை. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறிகளை நிறுவ முற்பட்டபோது, வேலை போய்விடும் என்று ஊழியர்கள் கொதித்தெழுந்தனர். கல்கத்தாவில் இலாக்கோ மாளிகையில் கணிப்பொறியை ஏற்றவிடாமல் இரவு பகலாகக் காவல் கிடந்தனர். தானியங்கி முறையை ஆராயப் பேராசிரியர் தாண்டேகர் தலைமையில் அரசு அமைத்த குழு 1972இல் அறிக்கை தந்தது. வங்கிகளில் 1983 செப்டம்பரில்தான் நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இயந்திரங்கள் பற்றி உடன்பாடு ஏற்பட்டது. எத்தனை இயந்திரம், எந்த வேலைக்கு என்பதற்கெல்லாம் வரம்பு வகுத்தார்கள். அப்போது ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநராயிருந்த, நம் தமிழ்நாட்டவரான டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு 1984இல் அறிக்கை அளித்தது. கிளைகளுக்கு வந்த கருவியைக் கணிப்பொறி என்று கூடச் சொல்லவில்லை. 'மேம்பட்ட பேரேட்டுப் பதிவு இயந்திரம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பெயர் சூட்டி, ஏ.எல்.பி.எம். என்று சுருக்கி அழைத்தார்கள். ஊழியர்களின் அச்சத்தைத் தணிக்கவே அப்பெயர் என்று வங்கிக்காரர்கள் நகைப்புடன் கூறுவதுண்டு. எனக்கு அதில் நகைப்பில்லை. பேரேடு என்ற சொல் அந்தப் பெயரில் இருந்ததனால்தான் நான் அருகில் சென்றேன்.

ஆம், அப்போது நானும் ஒரு வங்கியில் எழுத்தன். 1988இல் எங்கள் கிளைக்கு அந்த இயந்திரம் வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. சேமிப்புக் கணக்குப் பேரேடு என் பொறுப்பு. அந்நாளில் மாதத்தின் பத்தாம் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகைக்கே வட்டி. ஜூனிலும் டிசம்பரிலும் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் புரட்டி, ஆறு மாதங்களின் குறைந்த தொகைகளைக் கூட்டி வட்டி போட வேண்டும். பக்கத்தின் மேலிருந்து கீழாகச் சுட்டு விரலை ஓட்டினால் அடியில் கூட்டுத்தொகை என் வாயில் வந்து நிற்கும். மற்றக் கிளைகளிலிருந்தும் என்னை அழைத்துப் போவார்கள். அந்த வேலையை இயந்திரம் ஒரு பிற்பகலில் முடித்துக் காட்டியது.

நான் கண்வலி என்றேன். தட்டச்சு தெரியாது என்றேன். அது உண்மையும்கூட. உள்ளே இருந்த அச்சம் வேறு. பேரேட்டில் பிழை செய்தால் சிவப்பு மையால் அடித்துச் சுருக்கொப்பம் இடலாம். பிழை எங்கே நேர்ந்தது, யார் திருத்தியது என்பதெல்லாம் பக்கத்திலேயே கிடக்கும். இந்தத் திரையிலோ ஒரு விசையைத் தவறி அழுத்தினால் இலக்கம் மறைந்துவிடுகிறது. எங்கே போயிற்று? யாரைக் கேட்பது? மேலும், இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் எனக்குக் கற்பிக்க வந்திருந்தார். ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி நான் ஒரு விரலால் குத்திக்கொண்டிருக்க, கவுண்டருக்கு அப்பால் ஊர்க்காரர்கள் நின்று பார்ப்பார்கள். டமாஸ்கஸ் நகரத்துப் புழுதிப் பலகையைப் பற்றிப் பின்னாளில் படித்தபோது எனக்கு உண்டான உணர்ச்சி இப்போது வாசகர்களுக்கு விளங்கும்.

அந்த இளைஞர் நல்லவர். ஒருநாள் மாலை, "பாய், எல்லாரும் போன பிறகு சற்று இருங்களேன். வட்டிக்கணக்கு எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நீங்கள் அதைச் சொல்லிக்கொடுங்கள், நான் விசைகளைச் சொல்லித் தருகிறேன்" என்றார். அவருக்கு உண்மையிலேயே பிடிபடவில்லையா, என் மனம் நோகாதிருக்கக் கூறினாரா என்பது இன்றளவும் எனக்குத் தெரியாது. நாற்பது நாள் கதவடைத்த கிளையில் இருவரும் உட்கார்ந்தோம். என் பேரேட்டை மூடவில்லை. ஒரு பக்கத்தை நான் கையால் கூட்டுவேன். அதையே இயந்திரத்தில் ஏற்றுவோம். இரண்டும் ஒத்து வந்தால் அடுத்த பக்கம். ஒத்து வராத போதெல்லாம் ஏற்றியதில் பிழையா, கூட்டியதில் பிழையா என்று தேடுவோம். இருமுறை பிழை என் பேரேட்டில் இருந்தது. அதைக் கண்டபோது ஏனோ அச்சம் போய்விட்டது.

இரயில்வேயிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பதிவேடு வைத்து முன்பதிவு செய்த எழுத்தர்கள், 1985 நவம்பரில் புதுதில்லியில் தொடங்கிப் பம்பாய், கல்கத்தா, சென்னை எனத் தொடர்ந்து திரைக்கு முன் அமர்த்தப்பட்டார்கள். அவர்களுள்ளும் பேரேட்டை விட்டுப் பிரிய மனமில்லாதவர் எத்தனையோ பேர் இருந்திருப்பர்.

ஆனால் எல்லாருக்கும் அத்தகைய மாலைப் பொழுதுகள் வாய்க்கவில்லை. என் மேசைக்கு அடுத்த மேசையில் என்னைவிட இரண்டு வயது மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். நானா என்றே அவரை அழைப்பேன். முத்து முத்தான கையெழுத்து. நாளேட்டில் அவர் எழுதிய பக்கத்தைத் தணிக்கைக்கு வந்தவர்கள் மற்றவருக்குக் காட்டுவார்கள். இயந்திரம் இருந்த அறைப்பக்கம் அவர் போகவே மாட்டார். "எனக்கு இது வேண்டாம் தம்பி. இருக்கும் வரை நான் பேனாவோடு இருந்துவிட்டுப் போகிறேன்" என்பார். 2000-2001இல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பதினைந்து ஆண்டு பணி, அல்லது நாற்பது வயது நிறைந்தோர் பணம் பெற்றுக்கொண்டு போகலாம். நாடெங்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினர். அவர்கள் அனைவரும் கணிப்பொறிக்கு அஞ்சிப் போனவர்கள் என்று கூறுவது தவறு. மகள் திருமணத்துக்காகப் போனவர்களும், மகனோடு கடை வைக்கப் போனவர்களும் உண்டு. நானா போனது எதனால் என்பது எனக்குத் தெரியும். குச்சிக்கணக்கு அதிகாரிகள் நீங்கும் வரை காத்திருந்த இங்கிலாந்தைப் போலவே நம் வங்கிகளும் அவர்களுக்கு வழியனுப்பு விழா நடத்தின. மாலையும் கடிகாரமும் கொடுத்தார்கள். கற்பிக்க யாரும் முன்வரவில்லை.

கருவியோ அவரை விடவில்லை. ஓய்வூதியம் வங்கியில், வங்கியோ அட்டையில். நானா தம் அட்டையையும், இரகசிய எண்ணை எழுதிய துண்டுத் தாளையும், அக்கம்பக்கத்துப் பையன் ஒருவனிடம் கொடுத்து மாதந்தோறும் பணம் எடுத்து வரச் செய்தார். ஆயிரம் கேட்டால் ஆயிரம் வரும். கணக்கில் குறைந்தது மட்டும் ஆயிரத்து ஐந்நூறு. ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு காரியமாகக் கணக்குப் புத்தகத்தைப் பதிந்தபோதுதான் தெரிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊரார் கணக்கில் ஒரு காசு பிசகாமல் பார்த்துக்கொண்டவர், தம் கணக்கில் ஓட்டை விழுந்ததைப் பார்க்க முடியாமற் போயிற்று. பணம் போனதைக் காட்டிலும், அந்தக் கணக்குப் புத்தகத்தை என்னிடம் நீட்டியபோது அவர் முகம் இருந்த நிலையை என்னால் மறக்க இயலவில்லை.

பத்திரிகையில் படித்த ஒரு செய்தியை அவரிடம் கூறினேன். ஜப்பானில் வகாமியா மசாகோ என்றொரு மூதாட்டி, 1935இல் பிறந்தவர். பள்ளிப்படிப்பு முடிந்ததும் வங்கி வேலைக்குச் சென்றவர். அந்நாளில் அங்கே மணிச்சட்டத்தில் கணக்கிட்டு, நோட்டுகளை விரலால் எண்ணுவார்கள். அதில் அவர் மிக மந்தம். இயந்திரங்கள் வந்த பிறகே மூச்சு விட்டார். ஓய்வு பெறும் காலத்தில், முதிய தாயாரைப் பேண வீட்டோடு இருக்க வேண்டி வந்தமையால், வெளியுலகத் தொடர்புக்காக ஒரு கணிப்பொறி வாங்கினார். தொலைவிலிருந்த ஓர் இளைஞரிடம் கணிப்பொறி வழியாகவே பாடம் கேட்டு, 2017இல் தம் எண்பத்தோராம் வயதில் கைபேசிக்கு ஒரு விளையாட்டை உருவாக்கி வெளியிட்டார். ஜப்பானியப் பொம்மைத் திருவிழாவின் பொம்மைகளை உரிய படிகளில் அடுக்க வேண்டும், விரைவு தேவையில்லை. இளையோர் செய்யும் விளையாட்டுகளில் முதியோர் விரல்கள் தோற்றுவிடுகின்றன என்பதால் இப்படி ஒன்றை ஆக்கினாராம். கேட்டுவிட்டு நானா, "விரல் மந்தமானவளுக்கு இயந்திரம் பிடிக்கும். எனக்கு விரல் நன்றாக ஓடியதே" என்றார். அதில் நியாயம் இருந்தது.

ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் நவம்பரில் மெய்ப்பிக்க வேண்டும். 2014 நவம்பரில் இதற்கு மின்னணு வழி வந்தது. 2021இல் கைபேசியில் முகத்தைக் காட்டியே செய்யும் வசதியும் வந்தது. அது முதல் நானா ஒவ்வொரு நவம்பரிலும் என் வீட்டுக்கு வருவார். நான் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன். அவர் கண்ணைச் சிமிட்டுவார். திரையைப் பார்க்க மாட்டார். முடிந்ததும் தேநீர் அருந்திவிட்டுப் போவார். கற்றுத்தரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் வருவதையே நிறுத்திவிடுவார் என்ற அச்சம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், நவம்பர் அல்லாத மாதத்தில், வாசலில் வந்து நின்றார். பேத்தி வெளிநாட்டிலிருக்கிறாள், ஹஜ்ஜுக்குச் சென்று வந்தவள் அங்கிருந்து படங்களையும் குரலையும் கைபேசியில் அனுப்பியிருக்கிறாள், அவற்றை யார் யாரிடமோ கொடுத்துத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது வேண்டாம் தம்பி. அஸருக்குப் பிறகு உன் மாடியில் யாரும் இருக்க மாட்டார்களே?" என்று கேட்டார்.

மாடியில் உட்கார்ந்தோம். அவர் கைப்பையிலிருந்து நீண்ட கணக்கேடு ஒன்றை எடுத்தார். பக்கத்தின் நடுவே அளவுகோல் வைத்துச் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார். இடப்பக்கத்துக்கு 'நான் அழுத்துவது' என்றும், வலப்பக்கத்துக்கு 'அது காட்டுவது' என்றும் தலைப்பு. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வரிசை எண் இட்டு, நாள் குறித்து, அதே முத்தான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பதினேழாவது வரியில் நான் சொன்னதற்கும் கைபேசி காட்டியதற்கும் ஒவ்வவில்லை. நானா பேனாவை நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரல் வைத்துச் சரிபார்க்கத் தொடங்கினார். பிழை ஒன்பதாவது வரியில் இருந்தது. நான் தவறாகச் சொல்லியிருந்தேன். சிவப்பு மையால் அதை அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, "நீயும் ஒரு கையெழுத்துப் போடு" என்று ஏட்டை என் பக்கம் திருப்பினார்.